தீப்பொறி விற்றவர் கொடுத்த டீசல் பம்ப்

தீப்பொறி இல்லாமல் தீப் பிடிக்குமா?

வலங்கைமானில் போய் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த ஊர். மாரியம்மன் கோவிலுக்குப் பேர் பெற்றது. வெடிக்கும் பேர் பெற்றது. தீபாவளி வந்தால் சுற்று வட்டாரத்து ஜனங்கள் பட்டாசு வாங்க அங்கேதான் போவார்கள். ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அதே ஊர்க் கடைத்தெரு வழியாக ஒரு பழைய டீசல் கார் போகிறது. வயலில் டிராக்டர் உழுகிறது. இந்த எஞ்சின்களுக்குள்ளே ஒரு நிமிஷத்துக்குப் பல நூறு தடவை தீப் பிடிக்கிறது. ஆனால் பொறியே கிடையாது!

சைக்கிள் டயருக்குக் காற்று அடித்தவர்களுக்கு இதன் ரகசியம் பாதி தெரியும். வேகமாக அடித்தால் பம்பின் அடிப்பாகம் கையைச் சுடும். காற்றை அமுக்கினால் சூடேறும் என்பதுதான் காரணம். டீசல் எஞ்சின், காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அமுக்கிவிடுகிறது. காற்றின் சூடு 500 டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. அந்தச் சமயம் பார்த்து, ஒரு சொட்டுக்கும் குறைவான எண்ணெயைப் பீச்ச வேண்டும். எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும்.

பீச்சுவது யார்? எஞ்சினின் விலாப்புறத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறிய பம்ப். நாலு சிலிண்டர் எஞ்சின் என்றால், பம்பிலிருந்து நாலு மெல்லிய இரும்புக் குழாய்கள் புறப்பட்டுப் போகும். மைகோ பம்ப் என்று பட்டறைகளில் சொல்வார்களே, அந்த வகைதான்.

அந்தப் பம்பை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் ராபர்ட் போஷ் என்ற ஜெர்மானியர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் கோடீசுவரர் ஆனது, தீப்பொறியை விற்று!

பதினோராவது பிள்ளை

ஜெர்மனியின் தென் பகுதியில் உல்ம் என்று ஒரு நகரம். அதற்கு அருகே ஆல்பெக் என்ற கிராமம். 1861-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி ராபர்ட் போஷ் அங்கே பிறந்தார்.

தகப்பனாருக்கு வயல் உண்டு. வழிப்போக்கர்கள் தங்கும் விடுதியும் உண்டு. வீட்டில் மொத்தம் 12 குழந்தைகள். ராபர்ட் பதினோராவது பிள்ளை.

படிப்பில் அவர் பெரிய புலி அல்ல. பள்ளிக்கூடம் முடிந்ததும், உல்ம் நகரில் நுண் கருவிகள் செய்யும் ஒரு பட்டறையில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். மூன்று வருஷம் அங்கே இருந்தார். அந்தப் பட்டறைக்காரர் பையனைச் சரியாகக் கவனிக்கவில்லை. தொழிலை ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. அந்தக் குறை போஷ் மனதில் கடைசிவரை இருந்தது. பின்னாளில், 1913-ல், தம் தொழிற்சாலையில் தொழில் பழகும் பையன்களுக்கென்றே தனிப் பட்டறை ஒன்று வைத்தார்.

பல ஊர்களில் வேலை செய்தார். 1884-ல் கப்பலேறி அமெரிக்கா போனார். மின்சார விளக்கைப் பரப்பிய எடிசனின் தொழிற்சாலையில் தொழிலாளியாகச் சேர்ந்தார். அங்கிருந்து இங்கிலாந்து போய், சீமன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். பிறகு ஊர் திரும்பினார்.

சைக்கிளில் வந்த முதலாளி

1886-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி, ஸ்டட்கார்ட் நகரில் போஷ் சொந்தப் பட்டறை திறந்தார். அப்போது அவருக்கு வயது 25. தகப்பனார் வைத்துவிட்டுப் போன சொத்தில் கிடைத்த பங்குதான் முதல். ஆட்கள் இரண்டே பேர். ஒருவர் தொழிலாளி, இன்னொருவன் எடுபிடிப் பையன்.

மின்சார மணி பொருத்துவது, டெலிபோன் மாட்டுவது, ரிப்பேர் பார்ப்பது என்று கிடைத்த வேலையை எல்லாம் செய்தார்கள். முதல் பத்து வருஷம் பெரிய பாடு. கடன் வாங்கினார். வேலை இல்லாமல் ஆட்களைக் குறைக்கவும் நேர்ந்தது. வாடிக்கைக்காரர் வீடுகளில் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, 1890-ல் ஒரு சைக்கிள் வாங்கினார். அந்தக் காலத்தில் சைக்கிள் ஓர் அதிசயப் பொருள். முதலாளி அதில் ஏறி வீடு வீடாகப் போவதை ஜனங்கள் நின்று பார்த்தார்கள்.

அவருடைய அதிர்ஷ்டம் 1887-லேயே வாசல் கதவைத் தட்டியிருந்தது. ஒரு வாடிக்கைக்காரர் வந்து, எஞ்சினில் தீப்பொறி உண்டாக்கும் கருவி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கி, அதிலிருந்து பொறி எடுக்கும் கருவி அது. மாக்னெட்டோ என்று பேர். அப்படி ஒன்றை வேறொரு கம்பெனி செய்திருந்தது. போஷ் போய் அதைப் பார்த்தார். அதைவிட நன்றாகவே செய்து கொடுத்தார்.

1897-ல் அந்தக் கருவி முதல் தடவையாக ஒரு மோட்டார் வண்டியில் ஏறியது. மூன்று சக்கர வண்டி அது. 1902-ல் அவரிடம் இருந்த ஹோனோல்டு என்ற பொறியாளர், உயர் அழுத்த மின்சாரம் தரும் மாக்னெட்டோவும், அதற்கு ஏற்ற ஸ்பார்க் பிளக்கும் செய்தார். மோட்டார் உலகம் போஷ் வாசலில் வரிசையில் நின்றது. லண்டன், பாரிஸ், நியூயார்க் என்று கிளைகள் பரவின.

எட்டு மணி நேர வேலை

பணம் வந்தது. குணம் மாறவில்லை.

1906-ல் தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தார். அந்த நாளில் பத்து மணி நேரம் உழைப்பது சாதாரணம். 1910-ல் சனிக்கிழமை பிற்பகலும் விடுமுறை ஆயிற்று. மற்ற முதலாளிகளுக்குக் கோபம் வந்தது. சிவப்பு போஷ் என்று பட்டம் கட்டினார்கள்.

இதில் அவருக்கு ஆதாயம் இல்லாமல் இல்லை. எட்டு மணி நேரம் என்றால் ஒரே நாளில் இரண்டு ஷிப்டு ஓட்டலாம் அல்லவா? அப்படித்தான் ஓட்டினார். 1913-ல் அவருடைய தொழிற்சாலையிலேயே வேலை நிறுத்தமும் நடந்தது. அவர் மனம் மிகவும் புண்பட்டது. அதுவரை ஒதுங்கி இருந்தவர், முதலாளிகள் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார். நல்ல முதலாளிதான், ஆனாலும் முதலாளி.

சிக்கனத்தில் கறார் பேர்வழி. ஒரு நாள் ஆபீசில் தரையில் கிடந்த காகிதக் கிளிப் ஒன்றை எடுத்து, இது என்ன என்று குமாஸ்தாவைக் கேட்டாராம். கிளிப் என்று குமாஸ்தா சொல்ல, இல்லை, இது என் பணம் என்றாராம் போஷ். இந்தக் கதையை அவருடைய கம்பெனியில் வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. வெளிநாடுகளில் இருந்த தொழிற்சாலைகளும் சொத்துக்களும் பறிபோயின. போர்க்காலத்தில் வந்த லாபம் அவருக்கு உறுத்தலாக இருந்தது. நெக்கார் நதியில் கப்பல் போகக் கால்வாய் அமைக்கும் திட்டம் போன்ற பொதுக் காரியங்களுக்குப் பெரும் தொகை கொடுத்தார்.

அதை விடப் பெரிய அடி 1921-ல் விழுந்தது. தமக்குப் பின் தொழிலை நடத்துவான் என்று நம்பியிருந்த மகன், நரம்பு நோயில் பல வருஷம் படுத்துக் கிடந்து இறந்து போனான். அவனுக்கு வயது 30. தகப்பனாருக்கு அறுபது ஆகப்போகும் நேரம் அது.

பொறி வேண்டாத எஞ்சின்

அந்த வயதில், அந்தத் துக்கத்தில், வேறொருவர் என்றால் ஓய்ந்து உட்கார்ந்திருப்பார். போஷ் மறு வருஷமே ஒரு புது வேலையைத் தொடங்கச் சொன்னார். டீசல் பம்ப் வேலை!

டீசல் என்பது முதலில் எண்ணெயின் பேர் அல்ல. ஒரு மனிதரின் பேர். ருடால்ப் டீசல் என்பவர் 1897-ல் தம் எஞ்சினை ஓட்டிக் காட்டி உலகை வியக்க வைத்தார். அதே செலவில் அதிக வேலை செய்யும் எஞ்சின் அது. ஆனால் அவர் எண்ணெயைச் சிலிண்டருக்குள் செலுத்துவதற்கு அழுத்தக் காற்றைப் பயன்படுத்தினார். காற்றை அழுத்துவதற்குத் தனியாக ஒரு பெரிய யந்திரம் வேண்டும். எனவே டீசல் எஞ்சின் கப்பலில் ஏறியது, ஆலைகளில் ஏறியது, காரில் ஏற முடியவில்லை. 1913-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி இரவு, இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது டீசல் காணாமல் போனார். சில நாட்கள் கழித்து அவர் உடல் கடலில் மிதந்தது. தம் பேர் கொண்ட எஞ்சின் சாலையில் ஓடுவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

காற்று யந்திரம் இல்லாமல், எண்ணெயை மட்டும் நேராகப் பீச்ச ஒரு சின்னப் பம்ப் கிடைத்தால் போதும், டீசல் எஞ்சின் லாரியில் ஏறிவிடும் என்பது பலருக்கும் தெரிந்தது. போஷுக்கு இன்னொன்றும் தெரிந்தது. அப்படி ஏறிவிட்டால், அந்த லாரிகளுக்கு மாக்னெட்டோ வேண்டாம். ஸ்பார்க் பிளக் வேண்டாம். அவர் முப்பத்தைந்து வருஷமாக விற்ற சரக்குக்கு அங்கே வேலை இல்லை!

தன் கடைக்குப் போட்டியாக வரப்போகும் சரக்கை, தானே செய்து விற்கத் துணிவது எத்தனை பேரால் முடியும்? 1922-ல் போஷ் துணிந்தார். தம் பொறியாளர்களைப் பம்ப் வேலையில் இறக்கினார். பம்பைப் போஷ் தம் கையால் செய்தார் என்று நினைக்கக் கூடாது. அவருடைய பொறியாளர்கள் செய்தார்கள். பிரான்ஸ் லாங் போன்ற வெளியாட்களின் கண்டுபிடிப்புகளும் உதவின. விடாமல் பணம் கொடுத்து, சரியாக வரும்வரை விற்கக் கூடாது என்று காத்திருந்தவர் போஷ். ஐந்து வருஷம் ஆயிற்று. 1927-ல் பம்புகள் வரிசையாகத் தயாராகி வெளியே வந்தன.

முதலில் லாரிகளில் ஏறின. 1936-ல் பெர்லின் மோட்டார்க் கண்காட்சியில் மெர்சிடஸ் 260 டி என்ற டீசல் காரை வைத்தார்கள். 45 குதிரைச் சக்தி. போஷ் பம்ப் பொருத்தியது. டாக்சிக்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். எண்ணெய்ச் செலவு குறைவு என்பதுதான் காரணம்.

நாலு மடை

அந்தப் பம்பில் அப்படி என்ன கஷ்டம்?

கார் எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் வினாடிக்கு 25 தடவை எண்ணெய் கொடுக்க வேண்டும். நாலு சிலிண்டருக்கும் சேர்த்து 100 தடவை! ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டுக்கும் குறைவாக. நூறு மடங்குக்கு மேற்பட்ட காற்றழுத்தத்தோடு. கொஞ்சம் முந்தினால் எஞ்சின் கட கட என்று இடிக்கும். கொஞ்சம் பிந்தினால் இழுவை போய்விடும், புகையும்.

காவிரிக் கரைக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒரு வாய்க்காலில் நாலு மடை. நாலு வயலுக்கும் ஒரே அளவு தண்ணீர் பாய வேண்டும். ஒரு மடை அகலமாக இருந்தால் ஒரு வயல் மூழ்கும், இன்னொன்று காயும். பம்புக்குள்ளும் நாலு மடை உண்டு. ஒவ்வொன்றிலும் விரல் பருமன் கூட இல்லாத ஓர் எஃகுத் தண்டு மேலும் கீழும் போய் வருகிறது. பிளஞ்சர் என்று பேர். தண்டின் பக்கத்தில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கிறது. அதுதான் மதகுப் பலகை. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தால், ஒரு பல் கம்பி நகர்ந்து நாலு தண்டுகளையும் லேசாகத் திருப்புகிறது. வெட்டின் இடம் மாறுகிறது. எண்ணெயின் அளவு கூடுகிறது; அல்லது குறைகிறது.

தண்டுக்கும் அது ஓடும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். தலைமுடியின் பருமன் அதைப்போல இருபது மடங்குக்கு மேல் இருக்கும். ஒரு தண்டையும் ஒரு குழலையும் ஜோடியாகத்தான் இழைப்பார்கள். ஒன்றின் தண்டை மற்றொன்றின் குழலில் போடக் கூடாது. ஒரு தூசி உள்ளே போனால் கீறல் விழும். தண்ணீர் கலந்த டீசல் போனால் துரு ஏறும்.

ஈய முத்திரை

பழைய டீசல் கார் கறுப்பாகப் புகைந்தால், உடனே பம்பின் மேல் பழி போடுவது வழக்கம். ஸ்பேனரை எடுத்து அதன் திருகைத் திருப்புவதும் வழக்கம். பம்பில் சில திருகுகளுக்குக் கம்பி கட்டி, ஈய முத்திரை வைத்திருப்பார்கள். அலங்காரத்துக்காக வைத்தது அல்ல. அந்தத் திருகைத் திருப்பினால் எண்ணெய் அதிகம் போகும். கார் பாய்ந்து இழுக்கும். ஆனால் எரியாத எண்ணெய் புகையாகும். எஞ்சின் சூடேறும். இதே நிலையில் ஓட்டினால் பிஸ்டனே உருகும். டீசல் காசும் போய், எஞ்சினும் போகும்.

பழைய பட்டறைக்காரர்கள் பம்பைத் தொடுமுன் வேறு நாலு இடம் பார்ப்பார்கள். காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா? டீசல் வடிகட்டி மாற்றி எத்தனை நாள் ஆயிற்று? குழாயில் காற்றுப் பிடித்திருக்கிறதா? சிலிண்டரில் எண்ணெயைத் தூவும் நாசில் ஒழுகுகிறதா? பெரும்பாலான கோளாறு இங்கேயே அகப்பட்டுவிடும். காற்றுப் பிடித்திருந்தால் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று சுத்த எண்ணெய் வரும்வரை விடுவார்கள். காரில் நின்றபடி திருத்தக் கூடியது, எஞ்சின் சும்மா ஓடும்போது உள்ள வேகத்தைத்தான்.

மற்றதெல்லாம் பம்பைக் கழற்றிக்கொண்டு போய்ச் செய்ய வேண்டிய வேலை. அதற்கென்று சோதனை மேஜை இருக்கிறது. பம்பை அதில் பூட்டி, மோட்டாரால் சுற்றுவார்கள். நாலு குழாயிலிருந்தும் வரும் எண்ணெய், கோடு போட்ட நாலு கண்ணாடிக் குழல்களில் விழும். இத்தனை அடிக்கு இத்தனை அளவு என்று கம்பெனி அட்டவணை சொல்லும். கூடினால் குறைப்பார்கள், குறைந்தால் கூட்டுவார்கள். தேய்ந்த பிளஞ்சரை எந்தத் திருகாலும் சரி செய்ய முடியாது. ஜோடியாக மாற்றத்தான் வேண்டும். பிறகு எஞ்சினில் அடையாளக் கோடு பார்த்து, பீச்சும் நேரம் தவறாமல் பூட்டுவார்கள்.

இருண்ட நாட்கள்

1933-ல் ஹிட்லர் ஆட்சி வந்தது. போஷுக்கு அப்போது வயது 71. ஜெர்மனியும் பிரான்சும் இனி சண்டை போடக் கூடாது என்று பாடுபட்டவர் அவர். புது ஆட்சியை அவர் வெறுத்தார். ஆபத்தில் இருந்த யூதர்களுக்கு அவரும் அவருடைய நெருங்கிய அதிகாரிகளும் ரகசியமாக உதவினார்கள். அவர்களில் ஹான்ஸ் வால்ஸ் என்பவரை 1969-ல் இஸ்ரேல் நாடு கௌரவித்தது. ஹிட்லரை எதிர்த்த கோர்டெலர் என்ற தலைவரை 1937-ல் தம் கம்பெனியில் ஆலோசகராக வைத்துக்கொண்டார் போஷ். அந்தக் கோர்டெலர் 1945-ல் தூக்கிலிடப்பட்டார்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே கம்பெனி, ஹிட்லரின் படைகளுக்குத் தளவாடம் செய்து கொடுத்தது. ராணுவ லாரிகளிலும் போஷ் பம்ப் ஓடியது. இரண்டாவது உலகப் போரின்போது, பல நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்ட சுமார் 20,000 பேர் அந்தத் தொழிற்சாலைகளில் கட்டாய வேலை செய்தார்கள். எட்டு மணி நேர வேலை கொண்டுவந்தவரின் பேர் எழுதிய வாசலுக்குள்தான் இதுவும் நடந்தது.

1940-ல் ஸ்டட்கார்ட்டில் அவர் கட்டிய ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1942-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி போஷ் காலமானார். வயது 80. தொழிலில் வரும் லாபம் பொதுக் காரியங்களுக்குப் போக வேண்டும் என்று உயிலில் வழி வகுத்திருந்தார். அதன்படி, 1964 முதல் கம்பெனியின் மிகப் பெரிய பங்கு ஓர் அறக்கட்டளையின் கையில் இருந்து வருகிறது.

பெங்களூருக்கு வந்தது

போஷ் சரக்கு 1922-லேயே கல்கத்தாவில் விற்பனைக்கு வந்துவிட்டது. நாடு விடுதலை பெற்ற பின், 1951-ல் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி ஏற்பட்டது. பெங்களூர் ஆடுகோடியில் தொழிற்சாலை எழுந்தது. கம்பெனிப் பேரின் ஆங்கில முதல் எழுத்துக்களைச் சேர்த்துத்தான் மைகோ என்றார்கள். ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் ஒரே பேரில் கடைக்கு வந்தன. பொறியும், பொறி வேண்டாததும்! 2008-ல் மைகோ என்ற பேர் போய், போஷ் என்ற பேரே வந்தது.

இன்றைய டீசல் கார்களில் அந்தப் பழைய பம்ப் இல்லை. 1997 முதல் வந்த புது முறையில், எண்ணெயின் அளவையும் நேரத்தையும் ஒரு சிறு மின்னணுப் பெட்டி கணக்குப் போட்டுச் சொல்கிறது. திருப்புவதற்குத் திருகு கிடையாது.

ஆனாலும் பழைய காரை விற்க மனமில்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. வலங்கைமானில் அப்படி ஒரு கார் இழுக்காமல் நின்றால், பம்பைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறுகிறார்கள். அங்கே சோதனை மேஜை சுற்றுகிறது. நாலு கண்ணாடிக் குழல்களிலும் எண்ணெய் மெல்ல மெல்ல ஏறுகிறது. பட்டறைக்காரர் குனிந்து, நாலும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்க்கிறார். நின்றால், கம்பியை முறுக்கிப் புது ஈய முத்திரையை வைத்து அமுக்குகிறார்.